நாற்பத்தொன்பதோடு நிற்கும் அளவு

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், அதுவரை தொடையிலும் பிட்டத்திலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. எடை அதிகம் ஏறாமலும் இது நடக்கலாம் என்பதால் தராசை மட்டும் நம்ப முடியாது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் முறை 1830களில் பெல்ஜிய அறிஞர் கெட்லே கண்டது. 1972இல் ஆன்செல் கீஸ் அதற்கு ‘உடல் நிறை குறியீடு’ என்று பெயரிட்டார். அவர் ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பு சேர்வதைக் கண்ட இந்திய மருத்துவர்கள், 2009இல் உடல் பருமனுக்கான எல்லையை 25 என்றும், பெண்களின் வயிற்றுச் சுற்றளவுக்கு 80 செ.மீ. என்றும் வகுத்தனர்.

அளப்பதற்கு ஒரு நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். புடவைக் கொசுவமும் பாவாடை நாடாவும் இறுகும் இடமும் ஏறக்குறைய அதுவே. தளர்த்தாமல் அளந்தால் கணக்கு தவறும்.

2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வுதான் அந்த வரிசையில் முதன்முதலாக இந்த நாடாவை எடுத்தது. தமிழகப் பெண்களில் 40.4 சதவீதத்தினரின் குறியீடு 25ஐ எட்டியிருந்தது; முந்தைய ஆய்வில் 30.9. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானாலும் ஆய்வு பழைய எல்லைகளையே கொண்டதால், அந்தப் பகுதி விழுப்புரத்துக் கணக்கில் அடங்கியது. இதைவிடப் பெரிய குறை வேறு: அளக்கப்பட்ட பெண்கள் 15 முதல் 49 வயது வரையினர் மட்டுமே. கொழுப்பு இடம் மாறும் வயதிலேயே கணக்கு நின்றுவிடுகிறது.