தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி: ஏற்காட்டிலிருந்து குன்னூர் வரை ஒரு பழைய பயம்

போன டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீட்டில் தங்கியிருந்தோம். இரண்டாம் நாள் காலை, வாசலில் திரிந்த நாய்க்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்த என் மகள் விரலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பல் பட்டு ஒரு புள்ளி ரத்தம். அவ்வளவுதான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா உள்ளே போய் ஒரு கை காப்பித்தூளோடு வந்தார். "அப்பி விடுங்க சார், நின்னுடும். குட்டிதானே."

காப்பித்தூள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். மகள் பாதியிலேயே "போதும்ப்பா" என்றாள். நான் விடவில்லை. பிறகு ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மாவின் முதல் கேள்வி: "ஐயோ, புள்ளைக்குத் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாடா?"

அந்த ஊசி இந்தியாவில் 2004-ஓடு நின்றுபோனது. ஆனால் அதன் பயம் நிற்கவில்லை. அன்று சேலம் இறங்கும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எனக்கு ஓடிய யோசனை இதுதான்: இந்தப் பதினாலு எங்கிருந்து வந்தது?

கதை 1885 ஜூலை 6-ல் பாரிஸில் தொடங்குகிறது. வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டரை லூயி பாஸ்டரிடம் கொண்டுவந்தார்கள். வெறிநோய் கண்ட முயலின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் காயவைத்தால், நாளாக ஆக அதில் உள்ள கிருமியின் வீரியம் குறையும் என்று பாஸ்டர் கண்டிருந்தார். ரொம்ப நாள் காய்ந்ததில் ஆரம்பித்து, படிப்படியாகப் புதியது வரை பதின்மூன்று ஊசிகள் போடப்பட்டன. பையன் பிழைத்தான்.

கடித்த பிறகு தடுப்பூசி போட்டு என்ன பயன் என்று கேட்கலாம். மற்ற நோய்களுக்கு முன்கூட்டியே போடுகிறோம், இதற்கு மட்டும் ஏன் பின்னால்? ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் பரவுவதில்லை. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. அதற்குப் பெரும்பாலும் வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். அது மூளையைத் தொடுவதற்குள் உடம்பு எதிர்ப்பொருளைத் தயாரித்துவிட்டால் நாம் ஜெயித்தோம். தொட்டுவிட்டால், அறிகுறி தெரிந்தபின் பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். ஆக மொத்தம் இது ஒரு ஓட்டப்பந்தயம். முகத்தில் கடித்தால் தூரம் குறைவு, காலில் கடித்தால் கொஞ்சம் அதிகம்.

இந்தியாவுக்கு இந்தச் சிகிச்சை 1900-ல் வந்தது, கசௌலியில். டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் அங்கே பாஸ்டர் நிலையத்தைத் தொடங்கினார். கசௌலி இமயமலை அடிவாரத்தில், இன்றைய இமாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. அன்றைக்கு சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையை வெறிநாய் கடித்திருந்தால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போயிருக்க வேண்டும். யார் போவார்கள்? வெள்ளைக்காரர்களுக்கே அது சுலபமில்லை. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடியால் இறந்தார். பக்கத்தில் சிகிச்சைக்கு இடம் இல்லை. அந்த ஒரு சாவுதான் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சைக் கிளப்பியது. அதற்குமுன் கணக்கில் வராமல் செத்த ஏழைகள் எத்தனை பேரோ.

பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற எஃகுத் தொழில் செல்வந்தர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பகுதி பீகாரில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கும், ஒரு பகுதி குன்னூருக்கும் போனது. 1907 ஏப்ரலில் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறந்தது. நீலகிரி மலை ரயில் குன்னூரை எட்டி அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. ஏற்காட்டுக்காரர் மலையிறங்கி, சேலத்தில் ரயிலேறி, ஈரோடு, போத்தனூர், மேட்டுப்பாளையம் என்று மாறிப் போய்ச் சேர்ந்துவிடலாம். கசௌலியோடு ஒப்பிட்டால் பக்கம்தான். ஆனாலும் அங்கேயே தங்கி நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கூலி வேலை பார்ப்பவருக்கு அது எத்தனை நாள் பட்டினி என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் அங்கேயே போக வேண்டும்? பாஸ்டர் முறை மருந்து புதிதாகத் தயாரிக்கப்பட வேண்டியது. பாட்டிலில் அடைத்து அனுப்ப முடியாது. இதை மாற்றியவரும் செம்பிள்தான். 1911-ல் வெறிநோய் ஏற்றிய ஆட்டு மூளையை அரைத்து, ஃபீனால் கலந்து கிருமியைக் கொன்று ஒரு மருந்து செய்தார். செத்த கிருமி என்பதால் அதை அடைத்து வெளியூருக்கு அனுப்பலாம். அதுவரை ஆள் மருந்தைத் தேடிப் போனார். இனி மருந்து ஆளைத் தேடி வரத் தொடங்கியது. மெல்ல மெல்ல மாவட்ட மருத்துவமனைகளிலேயே கிடைத்தது. எங்கள் துறை பாஷையில் சொன்னால், இது ஒரு டெப்ளாய்மென்ட் புரட்சி.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. மருந்தின் சக்தி குறைவு, அதனால் அளவு அதிகம், நாளும் அதிகம். ஒவ்வொரு நாளும் அவ்வளவு திரவத்தைத் தோலுக்கடியில் ஏற்ற, தோல் தளர்வாக இருக்கும் வயிறுதான் தோது. கடுமையான கடிக்குப் பதினாலு நாள். தொப்புளைச் சுற்றிய பதினாலு ஊசி இப்படி வந்ததுதான். இன்னொரு விலையும் உண்டு. அதில் மூளைத் திசு இருந்ததால், சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த நரம்பையே தாக்கிப் பக்கவாதம் வந்தது. ஆக, போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாவது படிக்கும்போது பெரியப்பா மகனுக்குப் பதினாலு ஊசி போட்டார்கள். தினமும் பஸ்ஸில் போய், வயிறு வீங்கித் திரும்புவான். அடுத்த வருடம் தெருநாய் என் கெண்டைக்காலில் பல் பதித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. டவுசருக்குக் கீழே தெரிந்த காயத்தை முள் கீறியது என்று சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. அது என் புத்திசாலித்தனம் இல்லை, வெறும் அதிர்ஷ்டம்.

அதே காலத்தில் உலகம் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. மனித உயிரணுக்களில் வளர்த்த புதிய தடுப்பூசியை ஈரானில் வெறிநாயும் ஓநாயும் கடித்த 45 பேருக்குப் போட்டதில் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அந்த முடிவு 1976-லேயே வெளிவந்தது. நம்மிடம் ஆட்டு மூளை மருந்து அதற்குப் பிறகும் ஏறக்குறைய முப்பது வருடம் ஓடியது. காரணம் விலை. 2006-ல் தோலுக்குள் போடும் முறைக்கு இங்கே அனுமதி கிடைத்தது. ஒரு தடவைக்கு 0.1 மில்லி வீதம் இரண்டு கையிலும். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். மருந்து குறைவாகத் தேவைப்படுவதால் ஒரே குப்பியில் பல பேருக்குப் போடலாம். இன்று அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

மகளுக்கு ரத்தம் வந்திருந்ததால், காயத்தைச் சுற்றி எதிர்ப்பொருள் சீரமும் போட்டார்கள். தடுப்பூசி வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை காவலுக்கு அது. விரல் என்பதால் வலித்தது, அழுதாள். கைகளில் போட்டது கொசுக்கடி மாதிரிதான் என்றாள்.

சாயங்காலம் மலையேறித் திரும்பியபோது அந்த அக்காவின் மகன், பத்து வயதிருக்கும், தள்ளி நின்று கேட்டான்: "வயித்துலயா போட்டாங்க? எத்தன?" மகள் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தன் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினான். அதே குட்டி, மூன்று நாள் முன்னால். வீட்டில் சொல்லவில்லை.

எனக்கு முப்பது வருடத்துக்கு முந்தைய என் கால்தான் தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன்: "லேட்டானாலும் பரவாயில்லக்கா, நாள் போச்சேன்னு விட்டுடக் கூடாது. இப்பவும் போடலாம், போட்டே ஆகணும்." காப்பிப் பழம் பறிக்கும் சீசன். ஒரு நாள் கூலி போகும். ஆனாலும் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது விதி. கடிக்கும்போது எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் அதற்குள் நாய்க்கு நோய் முற்றிச் செத்துவிடும். குட்டியைக் கட்டிப்போடாமல் சோறு வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பதினோராம் நாள் வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. படிக்கட்டில் குட்டி, பக்கத்தில் அந்தப் பையன், இரண்டும் நலம். மூன்று தவணையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார் மருத்துவர்.

அப்போ ஊசி வீணா என்று அம்மா கேட்டார். இல்லம்மா என்றேன். அந்தப் பத்து நாள் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோமே.