வீட்டில் வாட்டர் ஹீட்டர் இருக்கா? ஃபியூஸ் இருந்தா மட்டும் போதாது... ஒயர், சுவிட்ச் தேர்வு செய்வது எப்படி?

விருத்தாசலம் என்றாலே பீங்கான்தான் நினைவுக்கு வரும். மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டையும் தாங்கும் என்பதால்தான் ஃபியூஸ் கட்டையைப் பீங்கானில் செய்கிறார்கள். விருத்தாசலம், நல்லூர் சுற்றுவட்டாரம் மட்டுமல்ல, தமிழகத்தின் பல பழைய வீடுகளில் இன்னும் அதுதான் காவல். "ஃபியூஸ்தான் இருக்கே, ஹீட்டர் போட்டா என்ன?" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, ஆளை அல்ல.

எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

ஹீட்டரில் எழுதியிருக்கும் வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2,000 வாட்ஸ் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர், 3,000 வாட்ஸ் என்றால் 13 ஆம்பியர். லைட், ஃபேனுக்குப் போடும் 6 ஆம்பியர் சுவிட்ச் இதைத் தாங்காது. சூடாகி உருகும், தீயும் பிடிக்கலாம்.

எந்த ஒயர், எந்த சுவிட்ச்?

* 2,000 வாட்ஸுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 3,000 வாட்ஸுக்கு 4 சதுர மி.மீ. போடுவது நல்லது.
* மெயின் போர்டிலிருந்து ஹீட்டருக்கு மட்டும் தனி லைன் இழுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.
* 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் அல்லது 20 ஆம்பியர் டி.பி. சுவிட்ச் போடலாம். டி.பி. சுவிட்ச் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும்.
* சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.
* ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்க. ஒயருக்கு ஐ.எஸ். 694, சுவிட்சுக்கு ஐ.எஸ். 3854, பிளக், சாக்கெட்டுக்கு ஐ.எஸ். 1293 என்பவை தர எண்கள்.

எம்.சி.பி. இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்?

16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவைத் தாண்டி கரண்ட் போனால்தான் விழும். ஆனால், மனித உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் சிறு பகுதியே போதும். அந்தக் கசிவு எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது, ஃபியூஸுக்கும் அப்படித்தான்.

இதற்காகவே இருப்பது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிக்கும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகையையே கேட்டு வாங்க வேண்டும். ஒயரைக் காக்க எம்.சி.பி., ஆளைக் காக்க ஆர்.சி.சி.பி. என இரண்டும் தேவை.

இதையெல்லாம் செய்யாதீங்க

* ஃபியூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றாதீங்க. ஃபியூஸ் உருகாது, சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் எரியும்.
* எர்த் ஒயரை வெட்டிவிடவோ, தண்ணீர்க் குழாயில் கட்டவோ கூடாது.
* பக்கெட்டில் ஹீட்டர் ராடு இருக்கும்போது தண்ணீரைத் தொட்டுப் பார்க்காதீங்க. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தொட வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்க. உடனே விழுந்தால் அது வேலை செய்கிறது. விழவில்லை என்றால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை ஹீட்டரைப் போட வேண்டாம். அதுவரை வெந்நீர் அடுப்பிலேயே காயட்டும்.