அழைத்த உதவி

கெட்ட எண்ணமே இல்லாத ஒருவனால் ஒரு வீடு பாழாய்ப் போனது என்று கதை எழுத எனக்கு வெகு நாளாக ஆசை. அந்தக் கதை சர்க்கரை வியாதிக்காரர்களின் கண்ணுக்குள்ளேயே நடக்கிறது.

1921-ல் டொராண்டோ நகரில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இளவயதில் சர்க்கரை கண்டவர்கள் சில வருஷங்களில் போய்ச் சேர்ந்தார்கள். இன்சுலின் ஆயுளைக் கொடுத்தது. கண் கெடுவதற்கு வேண்டிய அவகாசத்தையும் சேர்த்தே கொடுத்தது. திருச்சியில் ஜோசப் கண் ஆஸ்பத்திரி ஆரம்பமான 1934-ல், விழித்திரையில் ரத்தம் கசிந்தவருக்கு இங்கே மட்டுமல்ல, லண்டனிலும் வைத்தியம் இல்லை.

1948-ல் மைக்கேல்சன் என்ற கண் வைத்தியர் ஓர் ஊகம் செய்தார். ரத்தம் போதாத விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது என்றார். அந்தப் பொருளுக்கு 'எக்ஸ்' என்று பெயர் நிலைத்தது. 1953-ல் டென்மார்க்கில் பவுல்சன் ஒரு விநோதத்தை எழுதினார். பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போன ஒரு பெண்ணுக்கு விழித்திரை நோய் தணிந்துவிட்டது! அந்தச் சுரப்பியின் வளர்ச்சி ஹார்மோன்தான் குற்றவாளி என்று சந்தேகித்து, பல நோயாளிகளுக்குச் சுரப்பியையே அழித்துப் பார்த்தார்கள். சிலருக்குப் பார்வை தங்கியது. ஆனால் கொடுத்த விலை அதிகம். ஒளியால் சுடும் சிகிச்சை வந்த பிறகு அந்த வழக்கம் ஒழிந்தது.

உண்மையான 'எக்ஸ்' பிடிபட 1989 ஆயிற்று. ரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணியை ஃபெராரா என்பவரும் அவருடைய சகாக்களும் பிரித்தெடுத்தார்கள். 1994-ல், இந்நோய் முற்றியவர்களின் கண்ணுக்குள் இருக்கும் திரவத்தில் அது மிகுந்திருப்பதை பாஸ்டன் வைத்தியர்கள் காட்டினார்கள்.

காவேரிக் கரையில் வாழ்கிற நமக்கு இது புரியாததல்ல. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் குடியானவன் என்ன செய்வான்? இரவோடு இரவாகக் கரையை வெட்டுவான். விழித்திரையும் அதையே செய்கிறது. வருஷக் கணக்கான சர்க்கரையால் மெல்லிய குழாய்கள் அடைபட, பசித்த திசு உதவி கேட்டு அந்தக் காரணியை அனுப்புகிறது. வருகிற குழாய்களோ நோஞ்சான்கள், கசிகின்றன, உடைகின்றன. பிறகு தழும்பு விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடுகிறது.

இன்று அந்தக் காரணியைக் கட்டிப்போடும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். ஒரு முறையோடு தீராது. செலவும் அலைச்சலும் உண்டு. ஆனாலும் பலருக்குப் பார்வை நிற்கிறது.

ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி, "ராஜகோபுரத்து பொம்மை வரைக்கும் தெரியறதே, எனக்கு எதுக்கு கண் டாக்டர்?" என்றாள். அங்கேதான் ஆபத்து. வலியில்லை, சிவப்பில்லை, நன்றாகத் தெரியும்போதே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தரமாவது காட்ட வேண்டியது தெரிகிற கண்ணைத்தான்.