மூன்று அடுக்குகள் திறந்திருந்த ஓராண்டு: ஊவாத் தோட்டங்களில் தேர்தல் முடிவுகளும் ஆட்சி அமைப்புகளும்

மலையக அரசியல் வரலாறு பெரும்பாலும் நுவரெலியாவிலிருந்தே எழுதப்படுகிறது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் பாராளுமன்றம் சென்றது அங்கிருந்து. தோட்ட மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டமும் அதுதான். ஊவா மாகாணத்துப் பதுளையின் நிலை வேறு. 2012 குடிசன மதிப்பீட்டில் இம்மாவட்டத்தில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. பசறை, லுணுகலை, நமுனுகலை, ஹாலிஎல, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. தேர்தல் விதி சிறிது அசைந்தாலும் இம்மக்களின் பிரதிநிதித்துவம் காணாமற்போகும். தேர்தல் முடிவு ஒன்று ஆட்சி அமைப்புகளை என்ன செய்கிறது என்று பார்க்க, அதனாலேயே நுவரெலியாவைவிடப் பதுளை பொருத்தமான களம்.

இக்கட்டுரையின் வாதம் இது. யார் வென்றார், யார் தோற்றார் என்பதைவிட, வென்றவர்கள் அடுத்த தேர்தலின் விதிகளை என்ன செய்தார்கள் என்பதே ஊவாத் தோட்டங்களின் நிலையைத் தீர்மானித்தது. உள்ளூராட்சி, மாகாணம், பாராளுமன்றம் ஆகிய மூன்று அடுக்குகளும் தெரிவுசெய்யப்பட்ட அமைப்புகளாகத் தோட்ட மக்களுக்கு ஒருசேரத் திறந்திருந்த காலம் மிகச் சிறியது.

பதுளை, 1947

1928இல் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோதே, இந்தியத் தொழிலாளருக்கு அது கிடைக்கலாகாது என்ற எதிர்ப்பு கண்டிப் பிரதேசத் தலைவர்களிடமிருந்து கிளம்பிவிட்டது. நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த எதிர்ப்பின் விளைவு. அப்படியிருந்தும் பட்டியலில் ஏறிய இந்திய வாக்காளர் தொகை 1931இல் ஏறக்குறைய 1 இலட்சமாகவும், 1939இல் 2 இலட்சத்து 25 ஆயிரமாகவும் இருந்தது. 1943இல் அது சுமார் 1 இலட்சத்து 68 ஆயிரமாகச் சுருக்கப்பட்டது. கீழ் அடுக்கு அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. 1930களின் இறுதியில் கிராமச் சங்கச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இந்தியத் தோட்டத் தொழிலாளரை அச்சங்கங்களின் வாக்குரிமையிலிருந்து விலக்கியது. 1948ஐ மட்டுமே நினைவில் வைத்திருப்பவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை.

இதே காலத்தில் ஊவாவில் வேறொன்று நடந்தது. 1940இல் பதுளைக்கு அருகிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில், சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கத்தில் இணைந்திருந்த தொழிலாளர்கள் தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். தோட்ட நிர்வாகத்தில் அச்சபையைக் கலந்தாலோசிக்கத் துரை சம்மதிக்க வேண்டியதாயிற்று. பிறகு பொலிசார் வந்தார்கள், வேலைநிறுத்தங்கள் ஒடுக்கப்பட்டன. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் கைதூக்கி நின்று பழகியவர்கள், சொந்தமாக ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள் என்பதை நான் சிறு செய்தியாகக் கருதவில்லை. 1947இல் பதுளை ஏன் அப்படி வாக்களித்தது என்பதற்கு இங்கே பாதி விடை இருக்கிறது.

அத்தேர்தலில் பதுளை ஈருறுப்பினர் தொகுதி. சமசமாஜக் கட்சியின் ஜாக் கொத்தலாவலையும் இலங்கை இந்திய காங்கிரசின் எஸ்.எம். சுப்பையாவும் தெரிவாகினர். ஒரு சிங்கள இடதுசாரி, ஒரு தோட்டத் தமிழர். நாடளவில் இந்திய காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. ஐக்கிய தேசியக் கட்சிக்கோ 95 ஆசனங்களில் 42 மட்டுமே.

இதற்குப் பின் வந்தவை தெரிந்த கதை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். முதலாவது, தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாக இருந்த லயங்களில் அதை யார் காட்டுவது? இரண்டாவது, இடைவிடாத வதிவைக் கேட்டது. ஊருக்குப் போய்வந்த பயணங்கள் அதற்கே வினையாயின. மூன்றாவது, பிரசைகளுக்கு மட்டுமே வாக்கு என்றது. விண்ணப்பம் நிலுவையில் கிடந்தவர்களின் பெயரும் பட்டியலிலிருந்து போயிற்று. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1952 தேர்தலில் இந்திய காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

இச்சட்டங்கள் 1947 முடிவின் நேரடி விளைவா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமுகப்படவில்லை. இடதுசாரி எழுத்துகள் ஆம் என்கின்றன. 1928 முதலே இருந்த கண்டிச் சிங்களத் தலைவர்களின் கோரிக்கையையும், 1940–41 இந்திய இலங்கைப் பேச்சுவார்த்தையின் தோல்வியையும் சுட்டிக்காட்டுவோர் மறுக்கிறார்கள். என் கருத்தில் நோக்கம் பழையதுதான். ஆனால் சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் அதைச் சட்டமாக்கிய வேகத்தை, தேர்தல் கணக்கை ஒதுக்கிவிட்டு விளக்க முடியாது. பதுளையில் கண்ட கூட்டு பிற தொகுதிகளிலும் படர்ந்திருந்தால் அடுத்த அரசாங்கம் யாருடையது என்ற கேள்வி எழுந்தே இருக்கும்.

சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டங்களைத் தடுத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொடக்கன் பிள்ளை என்ற இந்தியத் தமிழரின் வழக்கு மேலே ஏறியது. வாக்காளர் பட்டியலைத் திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரம் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் தள்ளியது. அடிமட்ட அதிகாரிக்குத் தெளிவாகப் பட்ட பாகுபாடு மேலே போகப்போக மங்கிப்போனது.

இதில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு கணக்கு உண்டு. தொகுதிகள் சனத்தொகையை வைத்துப் பிரிக்கப்பட்டன. வாக்கில்லாத தோட்ட மக்களும் அந்தத் தலைக்கணக்கில் சேர்க்கப்பட்டதால், மலைநாட்டு மாவட்டங்களுக்கு ஆசனங்கள் கூடின. அந்த ஆசனங்களைத் தெரிவுசெய்தவர்கள் அயல் கிராமத்தவர். ஆசனத்தைக் கூட்டித் தந்தவர்களுக்கு உறுப்பினர் எவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாக்கு திரும்பிய பிறகு

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் 1974 உடன்படிக்கையும் மக்களைப் பங்கிட்டன. பதுளையிலிருந்தும் குடும்பங்கள் இரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போயின. எஞ்சியோருக்கு 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் பிரசாவுரிமை வழங்கின. மேல் அடுக்கு மீண்டும் திறந்தது. மாகாண சபை முறையும் அதே காலத்தில் வந்தது. ஊவாவில் முதல் தேர்தல் 1988 ஏப்ரலில் நடந்தது. கீழ் அடுக்கு மட்டும் திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்ட எல்லைக்குள் சபை நிதியைச் செலவிட முட்டுக்கட்டையாக நின்றது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினராகவும் வந்தார்கள். தம் லயத்துப் பாதைக்குக் கல் போட மட்டும் அந்த உறுப்பினரால் முடியவில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பது 2014இல் தெரிந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி ஊவா மாகாண சபைத் தேர்தல். தேர்தலுக்கு முன்பே பதுளை மாவட்டத்தின் ஆசனங்கள் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டு, மொனராகலையின் ஆசனங்கள் 11இலிருந்து 14ஆக உயர்த்தப்பட்டிருந்தன. தோட்டத் தமிழர் செறிந்த மாவட்டம் இழந்தது, அவர்கள் குறைந்த மாவட்டம் பெற்றது. முடிவில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 19, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13, மக்கள் விடுதலை முன்னணிக்கு 2. 2009இல் 72 வீதமாக இருந்த ஆளுங்கட்சியின் வாக்கு 51 வீதத்துக்கு இறங்கியிருந்தது; பதுளை மாவட்டத்தில் ஆசன வித்தியாசம் 9க்கு 8.

அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தது, குடியிருப்பை மாற்றுவது தோட்ட நிர்வாகத்தின் வேலையா, பிரதேச சபையினதா, மாகாணத்தினதா, மத்திய அரசினதா என்பது மட்டும் தீரவில்லை. ஐந்து வாரங்களுக்கு முன்தான் மூட்டை மூட்டையாக வாக்குறுதிகளோடு எல்லாக் கட்சியினரும் இந்த மலைகளில் ஏறி இறங்கியிருந்தார்கள்.

2015 ஜனவரி 8ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேன வென்றார். ஊவா வாக்காளர் எதையும் மாற்றவில்லை. ஆனாலும் அடுத்த வாரமே, 34இல் 13 ஆசனங்கள் மட்டும் வென்ற கட்சியின் ஹரின் பெர்னாண்டோ முதலமைச்சரானார். கொழும்பில் ஆட்சி மாறினால் மாகாணத்தின் தீர்ப்பும் மாறும் என்றால், அந்த மாகாண சபைக்குச் சுயமான உயிர் எவ்வளவு இருந்தது? 2015இன் பிற்பகுதியில் முதலமைச்சர் பதவி மறுபடி கைமாறியது. 2018 ஜனவரியில், சிபாரிசுக் கடிதத்தோடு வந்த அனுமதியை ஏற்காத பதுளைத் தமிழ் மகளிர் பாடசாலை அதிபரைத் தம் இல்லத்தில் முழந்தாளிட வைத்ததாக அப்போதைய முதலமைச்சர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அவர் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலகினார், கைதாகிப் பிணையில் வந்தார். அதிகாரம் மாகாணத்துக்கு வந்தால் தமிழ்ப் பாடசாலைக்குப் பக்கத்தில் வரும் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

அதே 2018இல்தான் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, சபைகள் தோட்டங்களுக்குள் பணியாற்ற வழி பிறந்தது. பெப்ரவரியில் சபைகளுக்குத் தேர்தல் முடிந்திருந்தது, மாகாண சபை இயங்கியது, பாராளுமன்றத்தில் வடிவேல் சுரேசும் அரவிந்தகுமாரும் பதுளையிலிருந்து இருந்தார்கள். மூன்று அடுக்குகளும் திறந்திருந்தன. 2019இல் ஊவா மாகாண சபையின் காலம் முடிந்தது. ஓராண்டு மட்டும்.

காலியான நடு அடுக்கு

மாகாண சபைத் தேர்தல் நின்றுபோனதற்குக் காரணம் ஒரு சட்டம். 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தம் விகிதாசார முறையை நீக்கி, வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறையைக் கொண்டுவந்தது. அதற்குரிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் 139 வாக்குகளால் நிராகரித்தது. ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. பழைய முறை இல்லை, புதிய முறைக்கு எல்லைகளும் இல்லை. ஆளுநர்களே ஊவாவை நிர்வகித்து வருகிறார்கள்.

2020 அக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரங்களை மீளக் குவித்த அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 156க்கு 65 என நிறைவேறியபோது, எதிர்க்கட்சிப் பட்டியலில் பதுளையில் தெரிவான அரவிந்தகுமார் ஆதரவாக வாக்களித்தார். அவருடைய கூட்டணி எதிர்த்தது. சிறு சமூகத்தின் பிரதிநிதி ஆளுங்கட்சியை அணுகாமல் தொகுதிக்கு எதுவும் செய்ய முடியாத அமைப்பில், இதைத் தனிமனிதத் தவறாக மட்டும் பார்ப்பது போதாது. நடு அடுக்கு காலியானபின் எல்லாமே கொழும்பு அமைச்சரின் கையில்தானே இருந்தது.

2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரி நிதி தராததால் நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் கண்டது. 1947இல் வந்த முடிவைப் பார்த்து 1949இல் விதி மாற்றினார்கள். 2023இல் வரப்போகும் முடிவை ஊகித்துத் தேர்தலையே தள்ளினார்கள் என்பது என் வாசிப்பு.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றது. பதுளையிலிருந்து அதன் பட்டியலில் அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராஜும் தெரிவாகினர். மலையகப் பெண்கள் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்றது இதுவே முதன்முறை. 2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. மாகாண சபைத் தேர்தலுக்கு அப்போதும் நாள் குறிக்கப்படவில்லை. 2017 திருத்தத்தை நீக்கிப் பழைய விகிதாசார முறைக்குத் திரும்பச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். புதிய முறையைப் பிடித்துக்கொண்டால் எல்லைகளை மறுபடி கீற வேண்டும். நுவரெலியாத் தமிழருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அவர்கள் பல வட்டாரங்களை வெல்லலாம். லுணுகலையிலும் ஹாலிஎலவிலும் சிதறி வாழ்பவர்களுக்கு அப்படியல்ல. விகிதாசாரத்தில் மாவட்டம் முழுவதும் திரளும் அவர்களது விருப்பு வாக்கு, வட்டாரக் கோடுகளுக்குள் துண்டு துண்டாகிவிடும்.