கார் கொட்டகை வந்த கதை

போன பொதுக்குழுவில் திறந்தவெளியில் கார் நிறுத்தும் ஒன்பது வீட்டுக்காரர்கள், சொந்தச் செலவில் ஜி.ஐ. பைப் ஊன்றி ஷெட் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார்கள். இரண்டு மணி நேரம் பேசினோம், முடிவாகவில்லை. பேச்சு முழுக்கச் சீட் என்ன விலை, வெல்டிங் கூலி என்ன என்றே போனது. பழைய கதையைப் புரட்டிப் பார்த்தால் கூரை எந்தக் காலத்திலும் பெரிய செலவாக இருந்ததில்லை. அது நிற்கும் தரை யாருடையது என்பதில்தான் தகராறு. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அந்தக் கதையை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

வண்டிக்குக் கூரை போடுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் காந்தி ரோடு தேரடி பக்கம் போய்வராதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். எந்த ஊர்த் தேராக இருந்தாலும் உற்சவத்தில் ஒரு நாள் ஓடும், மீதி நாளெல்லாம் நிலையில் நிற்கும். அத்தனை மரவேலையும் வெயிலிலும் மழையிலும் வீணாகாமல் இருக்கக் கீற்று வேய்ந்தார்கள், பிறகு தகரம் அடித்தார்கள். தேர் நிற்கும் இடம் யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய நம் ஊர், ஒரு காலத்தில் கம்பெனிப் படை தங்கிய கண்டோன்மென்ட். சுற்றியுள்ள பாலாற்றங்கரைக் கிராமங்களில் கட்டை வண்டிதான் வாகனம். மரச் சக்கரம் வெயிலில் கிடந்தால் காய்ந்து சுருங்கும், மேலே பூட்டிய இரும்புப் பட்டா கழன்றுகொள்ளும். அதனால் வண்டி வைத்திருந்தவர் வீட்டை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினார். பனங்கால், மூங்கில், தென்னங்கீற்று, அவ்வளவுதான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கீற்றை மாற்ற வேண்டும். ஒரு தீப்பொறி பட்டால் வீட்டுக் கூரையும் சேர்ந்து போகும் என்ற பயமும் உண்டு.

நெசவாளர் வீட்டுக்கு இந்த வசதி கிடையாது. அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளைப் பாருங்கள்: சுவரோடு சுவர் ஒட்டி, அகலம் குறைந்து, உள்ளே நீண்டு போகும். முன்கூடத்தில் தறி. பக்கத்தில் சந்துகூட இருக்காது. அவர்களுக்குத் தெருவும் தொழிற்கூடம்தான். ஒரு பாவில் மூன்று புடவை என்றால் பதினெட்டு, இருபது மீட்டர் நீளம். அதை விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டி, இழை பிரித்து, கஞ்சி காய வைத்து, வெயில் ஏறும் முன் சுருட்ட வேண்டும்.

ஸ்கூட்டர் வந்தபோது பெரிய வம்பு இல்லை. கால்வாய்மேல் ஒரு சிமெண்ட் சாய்வு போட்டு, ராத்திரியில் தறிக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். கார் அப்படி ஏறாது. என் பெரியப்பா வீட்டுத் தெருவில் முதல் கார் வந்த வருஷம், பாவு நீட்ட வந்தவர்கள் ஐந்து மணிக்கே கதவைத் தட்டி, "அண்ணே, வண்டியக் கொஞ்சம் எடுங்க" என்பார்கள். முதல் மாதம் சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். மூன்றாவது மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. பிறகு கார்க்காரர் வீட்டின் முன்பக்கத்தில் நான்கு அடி இடித்துத் திண்ணையை எடுத்தார். அங்கேதான் கார் நின்றது, மேலே ஆஸ்பெஸ்டாஸ்.

இந்த நெளிவுச் சீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. இரும்புத் தகட்டை நெளித்து வலுவூட்டும் முறைக்கு 1829-ல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பாமர் காப்புரிமை வாங்கினார். சிமெண்டோடு ஆஸ்பெஸ்டாஸ் நாரைச் சேர்க்கும் முறை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் வந்தது. நம் பக்கம் அரக்கோணத்திலேயே சீட் ஆலை வந்துவிட்டதால், கீற்று போன இடமெல்லாம் இது ஏறியது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய சீட் வைத்திருப்பவர்கள் அதைத் துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம், தூள்தான் ஆபத்து.

சுவர் இல்லாமல் கூரை மட்டும் போதும் என்பதை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் ஃபிராங்க் லாயிட் ரைட். 1937-ல் மேடிசன் நகரில் ஒரு பத்திரிகையாளர் குடும்பத்துக்கு 5,500 டாலரில் வீடு கட்டித்தந்தார். செலவைக் குறைக்க கராஜை நீக்கி, வீட்டுக் கூரையையே நீட்டி அதன் கீழே காரை நிறுத்தச் செய்தார். அதற்கு 'கார்போர்ட்' என்று பெயர். நம் சாய்ப்புதான், பெயர் மட்டும் வேறு! அவரிடம் வேலை பார்த்த வால்டர் பர்லி கிரிஃபின் இதற்கு முன்பே இப்படிச் செய்து பார்த்தவர். கான்பெரா நகரை வடிவமைத்த அந்த கிரிஃபின், அதே 1937-ல் நம் லக்னோவில் காலமானார்.

இங்கே அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் கொட்டகைப் பிரச்சினை எழவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நீளம் மூன்றரை மீட்டர்கூட இல்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ. 2010-ல் நம் வண்டலூர் சாலையிலேயே, ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை. வேலையும் வந்தது, கடனில் காரும் வந்தது, பின்னாலேயே நம்மைப் போன்ற அபார்ட்மென்ட்களும் வந்தன.

அபார்ட்மென்டில் தரைக்கேள்வி இன்னும் சிக்கல். 2010 ஆகஸ்ட் 31 அன்று மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டர் தனிச்சொத்தாக விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டத்தில், கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருந்தால்தான் கராஜ். திறந்த பார்க்கிங் பொது இடம். ஆகவே ஒருவர் தன் காசில் கூரை போட்டாலும் கீழே உள்ள தரை எல்லோருடையதுதான். வீட்டை விற்கும்போது "கவர்டு கார் பார்க்கிங் உண்டு" என்று பத்திரத்தில் எழுத முடியாது. ஒன்பது பேரும் இதற்கு எழுத்தில் சம்மதித்தால் நான் ஆதரவாக ஓட்டுப் போடுவேன், இல்லையென்றால் மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் செயலாளரும் டேப் பிடித்து அளந்தோம். ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்பது விதிக்கணக்கு. ஏழு இடம் சரியாக வருகிறது. எட்டாவது சம்ப் மூடிமேல் விழுகிறது. ஒன்பதாவதில் கால் ஊன்றினால் தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. அந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இடம் பார்க்கலாம். அங்கே கிடக்கும் பழைய கதவுகளையும் பெயின்ட் டப்பாக்களையும் உரியவர்கள் எடுத்துக்கொண்டால். பக்கச்சுவர் வேண்டாம், போல்ட் போட்டுக் கழற்றும்படி இருக்கட்டும், மழைநீர் நேரே வடிகாலுக்குப் போகட்டும், பேரூராட்சியில் கேட்ட பிறகே பைப் வாங்கலாம். அளவு வரைபடத்தை லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம். தப்பு இருந்தால் பென்சிலில் குறித்து வையுங்கள்.