அலியை அடித்த பாவம்

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் லரி ஹோம்ஸின் இடதுகை ஜாப்புக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல எங்களுக்குக் கஷ்டம். பட்டத்தை 20 தடவை காத்தவர். ஆனாலும் சனத்துக்கு ஆளைப் பிடிக்கேல்ல. அழகில்லாத ஸ்டைல் எண்டு சொல்லுவினம். நாங்கள் நம்பேல்ல.

1980 ஒக்டோபர் 2, லாஸ் வேகாஸ். எதிரே 38 வயது முகமது அலி. ஒருகாலத்தில் அவரிடம் பயிற்சித் துணையாகச் சம்பளத்துக்கு நின்றவர்தான் ஹோம்ஸ். 10 சுற்றோடு அலியின் பயிற்சியாளர் சண்டையை நிறுத்தினார். வென்றவர் அழுதார். அந்த அழுகையை ஆர் கணக்கில எடுத்தது?

1982இல் வெள்ளையரான ஜெரி கூனியோடு சண்டை. சம்பியனைக் கடைசியாக அறிமுகப்படுத்துவதுதான் வழக்கம். அண்டைக்கு ஹோம்ஸை முதலில் அழைத்தார்கள். 13ஆம் சுற்றில் கூனி விழுந்தார்.