யாருடைய கோல்? ஊன்றுதடியின் செய்முறையும் அதிகாரமும்

1

வாளுக்கு வரலாறு இருக்கிறது. செங்கோலுக்கும் இருக்கிறது, 2023 மே மாதம் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் அதைக் கொண்டுபோய் நிறுவியபோது, அது எந்த வரலாறு என்பதில் பெரிய வாக்குவாதமே நடந்தது. மலையேறுகிறவர் கையிலும் ஆடு மேய்க்கிறவர் கையிலும் இருந்த கம்புக்கு அப்படி ஒன்றும் கிடையாது. தேயும்வரை ஊன்றினார்கள், பிளந்ததும் அடுப்பில் வைத்தார்கள். சும்மா ஒரு கம்புதானே.

ஆனால் ஒரு ஊன்றுதடியைச் செய்ய உட்கார்ந்தால் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நீளம்? எந்த மரம்? யார் வெட்டலாம்? இந்த மூன்றுக்கும் சாத்திரம் ஒரு பதில் வைத்திருக்கிறது, நடப்பவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அரசு ஒரு பதில் வைத்திருக்கிறது. பதில்கள் ஒத்துப்போகவில்லை. தடியின் வரலாறு என்று ஒன்றை எழுதுவதானால் இந்த ஒவ்வாமையைத்தான் எழுத வேண்டும்.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கோல், தண்டு, கழி, தடி, கம்பு. நேராக இருப்பது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். வள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அரசனின் கோல் உருவகமாகிப் புலவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அதே தொகைநூல்களில் உருவகமாகாத தடிகளும் உண்டு. அகநானூற்று முல்லைப் பாடல் ஒன்றில் மழையிரவில் தண்டில் காலைச் சாய்த்து நின்றபடி சீழ்க்கையடித்து மறிகளைக் காக்கிறான் ஓர் இடையன். புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயரே நமக்குத் தெரியாது. முதுமையில் அவர் ஊன்றிய, தலையில் பூண் செறித்த தடியே அவர் பெயராகிவிட்டது: தொடித்தலை விழுத்தண்டினார். 'தொடி' என்ற அந்தச் சொல்லை அலங்காரம் என்று மட்டும் படிக்க வேண்டியதில்லை. கம்பின் முனை பிளக்காமல் இறுக்கிப் பிடிக்க உலோக வளையம் போட வேண்டும் என்கிற தொழில்நுட்பமும் அதற்குள் இருக்கிறது.

2

சாத்திரத்தின் பதிலைப் பார்ப்போம். மனுதர்மம் இரண்டாம் அத்தியாயத்தில் 45 முதல் 47 வரையுள்ள சுலோகங்கள் ஒரு தடிக்கான முழு வடிவமைப்பையும் தருகின்றன. பிராமணனுக்கு வில்வம் அல்லது பலாசம், நீளம் தலைமுடி வரை. சத்திரியனுக்கு ஆல் அல்லது கருங்காலி, நெற்றி வரை. வைசியனுக்கு பீலு அல்லது அத்தி, மூக்கு வரை. எல்லாத் தடிகளும் நேராக, பழுதில்லாமல், பட்டை உரியாமல், தீப்படாமல் இருக்க வேண்டும். பார்ப்பவரை அச்சுறுத்தக் கூடாது.

கவனியுங்கள், இங்கே அளவுகோல் உடல்தான். ஆனால் அந்த உடலை ஏற்கெனவே பிறப்பு அளந்து முடித்துவிட்டது. முடி, நெற்றி, மூக்கு என்று படிப்படியாக இறங்கி மூக்கோடு கணக்கு நின்றுவிடுகிறது. சூத்திரருக்கும் பெண்களுக்கும் உபநயனம் இல்லை, ஆகவே தடியும் இல்லை. பஞ்சமரைப் பற்றிப் பேச்சே இல்லை. மரத் தேர்விலும் நடப்பதைப் பற்றிய கவலை தெரியவில்லை. அத்தி மென்மையான கட்டை, கருங்காலி இரும்பு மாதிரி கனக்கும். ஊன்றி மலையேற இரண்டுமே தோதில்லை. இது நடப்பதற்கான தடி அல்ல, படிநிலையைக் கையில் பிடித்துக் காட்டுவதற்கான தடி. அதே நூலின் ஏழாம் அத்தியாயத்தில் 'தண்டம்' என்ற இதே சொல் தண்டனையாகிவிடுகிறது; தண்டமே அரசன் என்கிறது பிரதி. உடல்மீது அதிகாரம் எப்படி எழுதப்படுகிறது என்று அறிய ஃபூக்கோவரை போவதற்கு முன் இந்த ஒரு கம்பைப் பார்த்தாலே போதும்.

3

நடக்கிறவர்கள் கேள்வியையே மாற்றிப் போடுகிறார்கள். நீ யார் என்பதல்ல, எங்கே போகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. சமதரைக்கு முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரம் போதும். மலைக்கு அது காணாது. அக்குள் அல்லது தோள் வரை வேண்டும். ஏற்றத்தில் கையைக் கீழே இறக்கிப் பிடிக்கலாம், இறக்கத்தில் மேலே ஏற்றிப் பிடிக்கலாம். இறங்கும்போதுதான் முழங்கால் அடி வாங்கும், பாரத்தில் ஒரு பங்கைக் கம்பு வாங்கிக்கொள்ளும். ஓடையைக் கடக்கும்போது நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை அந்தப் பக்கம் ஊன்றிச் சாய்ந்தால் மூன்று கால் ஆகிவிடுகிறது. இங்கேயும் அளவுகோல் உடல்தான். ஆனால் அளவு சரிவுக்கேற்ப மாறுகிறது, பிறப்புக்கேற்ப அல்ல.

எந்த மரம்? நம் மலைகளில் மூங்கில். அது மரமே அல்ல, புல். கோவை வெள்ளியங்கிரியின் ஏழு மலை ஏறுகிறவர்கள் பூண்டி அடிவாரத்தில் வாங்குவதும் மூங்கில் தடிதான். உறுதிக்குப் பேர்போனது கல்மூங்கில். வறண்ட சரிவுகளில் வளரும்போது இதன் உட்புழை அநேகமாக அடைந்தே இருக்கும். வெள்ளைக்கார வன அதிகாரிகள் இதற்கு 'ஆண் மூங்கில்' என்று பெயர் வைத்தார்கள். கெட்டியாக இருந்தால் அது ஆண்! புல்லுக்குக்கூட இந்தச் சொல்லாடலிலிருந்து விடுதலை இல்லை.

மூங்கில் ஒரே பருவத்தில் முழு உயரத்துக்கு வளர்ந்துவிடும். ஆனால் முற்ற மூன்று வருஷமாவது ஆகும். மடல் ஒட்டிக்கொண்டு பளபளவென்று நிற்பது இளசு. வெட்டினால் காயும்போது சுருங்கிவிடும். மினுக்கம் போய், பாசி திட்டுத்திட்டாகப் படிந்து, தட்டினால் 'ணங்'கென்று கேட்பது முற்றல். மழைக்காலம் முடிந்து வறட்சி தொடங்கியபின் வெட்ட வேண்டும். அப்போது தண்டில் மாவுச்சத்து குறைவு. வண்டு அந்த மாவுக்குத்தான் வருகிறது. பருவம் தப்பி வெட்டினால் உளுத்துப் போகும். ஓடும் தண்ணீரில் சில வாரம் ஊறப் போட்டால் மிச்ச மாவும் கரையும். பிறகு நிழலில் நிறுத்திக் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

வளைவை நிமிர்த்த நெருப்பு வேண்டும். வளைந்த இடத்தில் எண்ணெய் தடவி, தணலில் கருகாமல் வாட்டி, மரக்கவையில் கொடுத்து அழுத்தி, அப்படியே பிடித்தபடி ஈரத்துணி போட்டு ஆற்ற வேண்டும். சூட்டில் இளகும் லிக்னின் ஆறியதும் இறுகி, புதிய வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். மனுவின் தடி தீயே படாதது. உழைப்பின் தடி தீயில்தான் நேராகிறது.

மேல்தோலைச் சீவக் கூடாது. மூங்கிலின் நார் உள்ளே போகப்போகக் குறைந்து, வெளிவிளிம்பில்தான் நெருக்கமாக இருக்கிறது. அழகுக்காகச் சீவினால் பலம் போச்சு. கணுவில் கிளை முளைத்த இடத்தை மட்டும் கைக்கு உறுத்தாமல் மழித்தால் போதும். அடிமுனையை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே அறுக்க வேண்டும். கணுவே அடைப்பாக நிற்பதால் சேறும் தண்ணீரும் உள்ளே ஏறாது. அதன்மேல் இரும்புப் பூணை இறுக்கமாக அடித்து ஏற்ற வேண்டும். நேராக ஆணி அடித்தால் நெடுகப் பிளக்கும், முதலில் துளை போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாக இரண்டு கல்லுக்கு நடுவே கிடத்தி, நடுவில் காலை வைத்து மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். முனகினால் வேறு கம்பு தேடு.

4

இவ்வளவு அறிவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: மூங்கில் புதரருகே வெட்டுக்கத்தியோடு நிற்க ஒருவருக்கு உரிமை இருக்க வேண்டும். அந்த உரிமையைத்தான் காலனிய வனச் சட்டம் பிடுங்கியது. சென்னை மாகாணத்துக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம். பிற பகுதிகளுக்கு 1878, பிறகு 1927. பாட்டன் காலத்திலிருந்து வெட்டியவர் ஒரே கையெழுத்தில் திருடராகிவிட்டார். 1927 சட்டம் மரம் என்பதற்குத் தந்த வரையறையில் மூங்கிலையும் சேர்த்தது. தாவரவியல் புல் என்றது, சட்டம் மரம் என்றது, சட்டம் ஜெயித்தது.

யாருக்காக ஜெயித்தது? சுதந்திரத்துக்குப் பிறகு கர்நாடகத்தில் காகித ஆலைகளுக்கு மூங்கில் அடிமாட்டு விலைக்கு வாரிக் கொடுக்கப்பட்டது. காடு வற்றியபோது பழி கிராமத்து மாடுகள்மேல் விழுந்தது. 1975இல் இதை ஆராயத் தொடங்கிய சூழலியலாளர் மாதவ் காட்கில் கண்டது வேறு. முள்மூங்கில் புதரின் அடியில் இயற்கையாகவே ஒரு முள்வேலி உண்டு. 'விஞ்ஞான நிர்வாகம்' என்று வனத்துறை அதை வெட்டிச் சுத்தம் செய்யச் சொன்னது. வேலி போனதும் இளங்குருத்துகள் மேய்ச்சலுக்கு ஆளாயின. ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. அவர்களைக் கேட்கத்தான் ஆளில்லை.

2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப் பொருள் என்று வரையறுத்து, காட்டில் வாழ்பவர்களுக்கு அதன்மேல் உடைமை உரிமை தந்தது. ஏட்டில் வந்தது காட்டுக்கு வரக் காலம் பிடித்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மேண்டா லேகா கிராமசபைக்கு மூங்கிலைக் கொண்டுசெல்லும் அனுமதிச்சீட்டு 2011 ஏப்ரலில்தான், அதுவும் மத்திய அமைச்சரே நேரில் வந்த பிறகுதான் கிடைத்தது. தமிழ்நாட்டில் உயர்நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவு பட்டா வழங்குவதை முடக்கியது. அது 2016இல்தான் நீங்கியது. 2017 திருத்தம் 1927 சட்டத்தின் மர வரையறையிலிருந்து மூங்கிலை எடுத்தது. பலன் முக்கியமாகக் காட்டுக்கு வெளியே வளர்ப்பவர்களுக்கு. காட்டுக்குள் விளையும் மூங்கில் இன்னும் வனப் பொருள்தான்.

5

வெட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். தடி யார் கையில்? 1930 இதற்குத் தெளிவான ஆண்டு. மார்ச் 12இல் காந்தி மூங்கில் தடியை ஊன்றித் தண்டிக்கு நடக்கத் தொடங்கினார். ஏப்ரல் 13இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஏறத்தாழ 150 மைல் நடை. மே 21இல் தாராசனா உப்பளத்தின் முன்னால், இரும்புப் பூண் போட்ட லத்திகள் கை ஓங்காத தொண்டர்களின் மண்டைகளைப் பிளந்தன. வெப் மில்லர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அதை உலகத்துக்கு எழுதினார். அதே மூங்கில், அதே பூண். ஊன்றுகிறவருக்கு அது முனை தேயாமல் இருக்க, ஓங்குகிறவருக்கு அடி விழ. சென்னை மெரினாவில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1959இல் காந்தியின் தடியை வெண்கலத்தில் வார்த்துவைத்தார். லத்திக்குச் சிலை வேண்டியதில்லை, அது எல்லாக் காவல் நிலையத்திலும் இருக்கிறது.

மொழியும் ஓங்கியவர் பக்கமே சாய்ந்தது. 'தடியடி' என்றால் இன்று யாருக்கும் ஊன்றுதடி நினைவுக்கு வருவதில்லை. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனார்கள். மலைச்சரிவில் தலைமுறைகளாக நடந்து வாழ்ந்தவர்களின் கோரிக்கை அது. தடியடி நடந்தது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு, ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள்.

ஆகவே ஊன்றுதடியைப் பற்றிப் பேசுவது பழம்பொருள் ஏக்கமல்ல. வன உரிமைச் சட்டத்தின் விதிகள், ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுத்தில் பதிவானதையும் உரிமைக்கான சாட்சியமாக ஏற்கின்றன. எந்தச் சரிவில் கல்மூங்கில், எந்த மாதம் வெட்டு, எந்த ஓடையில் ஊறல், யார் நிமிர்த்திக் கொடுத்தார் என்று ஒரு கிழவி சொல்வதை நாம் இதுவரை நாட்டார் வழக்காறு என்று இதழ்களில் போட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டோம். அதே பேச்சைத் தேதி, இடம், கைநாட்டோடு கிராமசபையின் கோரிக்கை மனுவில் இணைக்கலாம். மலைக்கிராமங்களில் வேலை செய்யும் நண்பர்கள் இதைத் தொடங்க வேண்டும். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.